எத்தனை ஆடு போனால் புலி ஜெயிக்கும்?

சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறிவிடுவேன். மலையில் சிக்னல் வரும் போகும், அதனால் படிக்க வேண்டிய கட்டுரைகளைக் கீழேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வது வழக்கம். ஆட்டங்களையும் அவற்றை ஆடுகிறவர்களையும் பற்றிய விளையாட்டு ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். ஆனால் என் நேரத்தில் பாதி போவது ஆய்வேட்டுக்கு அல்ல. மாநாடுகளுக்கு வரும் கட்டுரைகளை, ஏற்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன் படித்து மதிப்புரை எழுதுகிறேன். மாநாடு நடக்கும் நாட்களில் தன்னார்வலராக மைக்கும் நேர அட்டையும் பிடித்து நிற்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் ஆடும் ஆட்டங்களை எழுதி வைக்கிறேன்.

எங்கள் துறை இளசு. 'கேம் ஸ்டடீஸ்' இதழ் 2001இல் தொடங்கியது, டிக்ரா என்ற பன்னாட்டுச் சங்கம் 2003இல். மாணவர்கள் கைக்கும் மதிப்புரை வேலை சீக்கிரமே வந்துவிடுகிறது. எனக்கு வந்த முதல் கட்டுரைக்கு இரண்டு பக்கம் எழுதினேன், அத்தனையும் குறைகள். மேற்கோள் விட்டுப்போனது, அட்டவணையில் கூட்டல் தப்பு, இப்படி. மாநாட்டுக் குழுத் தலைவர் ஒரே வரியோடு திருப்பி அனுப்பினார்: "இந்தக் கட்டுரை என்ன செய்யப் பார்க்கிறது என்று முதலில் எழுதுங்கள்." எழுத உட்கார்ந்தால் வரவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடியதில் கட்டுரையை நான் படிக்கவே இல்லை. எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. என்னைப் போல உதவித்தொகையில் ஓட்டும் ஒரு மாணவராகக்கூட இருக்கலாம். அன்றிரவு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பிள்ளைகளிடமும் அப்படித்தான் முதலில் போனேன், கையில் அட்டவணையோடு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பல குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்தவர்கள். அதில் ஒரு பாட்டி, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், சிமெண்ட் வாசலில் கரிக்கட்டியால் ஆடுபுலிக்குக் கட்டம் போட்டார். இருபத்து மூன்று புள்ளி, மூன்று கூழாங்கல் புலிகள், பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள். எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும் என்று கேட்டேன். ஒரு பையன் அஞ்சு என்றான், அவன் அக்கா ஆறு என்றாள், சண்டை வந்துவிட்டது. பாட்டி அவர்களை விலக்கிவிட்டுச் சொன்னார்:

"எதிர்ல யாரு உக்காந்திருக்கான்னு பாக்கணும் தம்பி. சின்னப் புள்ளைன்னா புலி பத்து வெட்டணும். என்னைய மாதிரி கெழவின்னா அஞ்சு போதும்."

என் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு ஓர் எண்தான் எழுத முடியும். காலியாக விட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அந்த வாரம் என்னிடம் ஒரு கட்டுரை இருந்தது. எது என்று சொல்லக்கூடாது. பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றிய அமர்வுகளை எல்லாம் கட்டுரை எழுதியவர்கள் கணக்கிலிருந்து நீக்கியிருந்தார்கள். முன்பாக இருந்தால் சரிதான் என்று தாண்டியிருப்பேன். இந்த முறை, அந்த அமர்வுகளில் எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு எழுதினேன்.

ஆண்டு அறிக்கைப் படிவத்தில் இந்த வேலைகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வெளியான கட்டுரை எத்தனை என்று மட்டும் கேட்கும். இது சரியில்லை என்றே நினைக்கிறேன். நான் ஒரு கட்டுரை அனுப்பினால் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் அதற்காக ராத்திரி கண்விழிக்கிறார்கள். அந்தக் கடனை யாராவது அடைத்தாக வேண்டும்.

பாட்டியிடம் பட்ட கடன் வேறு. "எழுதிக்கிட்டுப் போயி என்ன பண்ணுவ?" என்று அன்றைக்கே கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஸ்நூக்கர் விதிகளை 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டியதைப் பற்றி இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். எங்கள் லைனில் ஆடிய ஆட்டத்தின் விதியை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பெரிய எழுத்தில் எழுதி, அவரிடம் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிக் கிளை நூலகத்தில் ஒட்டினேன். பத்து, அஞ்சு இரண்டும் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார், கரி மழையில் அழிந்துபோகிறது, வாசலில் பெயிண்டால் கட்டம் போட்டுத் தர முடியுமா என்று. வெள்ளை பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். தை பிறந்து மழை விட்டதும் போட வேண்டும்.