வொறன்ரி 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது: யாழ்ப்பாணத்தில் மோட்டர் ஹோம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மோட்டர் ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துப் படுக்கக்கூடிய வண்டி, வாங்குபவருக்கு என்ஜினை விடப் பெரிய கேள்வி தூரம்தான். வண்டியைக் கட்டித் தருபவரின் கராஜ் கொழும்புப் பக்கம் என்றால், இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். லாச்சிக் கொழுக்கி ஒன்று கழன்றதற்கு அங்கே போய்வர இரண்டு நாள் செலவாகும். அதனால் வண்டியை எடுக்கும் நாளிலும் முதல் சில இரவுகளிலும் குறைகளைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.

இங்கே மோட்டர் ஹோம் என்பது பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ், நிசான் கரவான் போன்ற வானின் உள்ளே கட்டியதுதான். ஆகவே வொறன்ரியும் துண்டு துண்டாகவே இருக்கும். என்ஜின், கியர், பிரேக் வானை விற்றவரின் பொறுப்பு. மரவேலை, கூரையில் வெட்டிய துளை, வயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் கட்டியவரின் தலையில். பிரிட்ஜ், பற்றறி, இன்வேட்டர், பம்ப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொம்பனி. றீகண்டிஷன் வான் என்றால் விற்பவர் எழுதித் தருவதை மட்டும் நம்புங்கள், வாய்ப்பேச்சு பிறகு உதவாது. ஒவ்வொரு பொருளின் பில்லும் சீரியல் இலக்கத்தோடு உங்கள் பெயரில் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணைக் காசைக் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியையும் காப்புறுதிக் கொம்பனிக்குக் கொடுக்கும் அறிவித்தலையும் அப்போதே முடித்துவிடலாம்.

வண்டியை எடுத்த கையோடு வடக்கே திரும்ப வேண்டாம். முதல் இரவை நீர்கொழும்பில் கழியுங்கள். குறை தெரிந்தால் மறுநாள் காலையில் கராஜுக்குத் திரும்பிவிடலாம். தண்ணீர்த் தாங்கியை முழுதாக நிரப்புங்கள். 60 லீற்றர் என்றால் 60 கிலோ பாரம், சஸ்பென்ஷனும் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு அமைதியாக இருங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே பம்ப் இடையிடையே ஓடினால் எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் வால்வு சரியாக மூடவில்லை. காஸ் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடித்தட்டில் காற்றோட்டத் துளை இல்லாத வண்டியை ஏற்கவே கூடாது.

ஊருக்கு வந்ததும் குடாநாட்டுக்குள்ளேயே சில ஓட்டங்கள். வட்டுக்கோட்டை, பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு ஒரு தரம், பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானுக்கு ஒரு தரம். குலுக்கத்தில் கழலும் ஆணிகளும் அலுமாரிப் பிணைச்சல்களும் இந்த ஓட்டங்களில் தெரிந்துவிடும். கடலுக்கு நடுவே போகும் தெருக்களில் உப்புக் காற்று அடியில் படியும், திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். துருவை வொறன்ரி பொதுவாக ஏற்காது. எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரால் ஹீற்றரில் படியும் வெண்படிவமும் அப்படித்தான், அது பராமரிப்புக் கணக்கில் போய்விடும்.

அதிகம் இழுபறிப்படுவது பிரிட்ஜ். 12 வோல்ற் கொம்பிரசர் பிரிட்ஜ் பகலில் நன்றாக ஓடி, நடுச்சாமத்தில் நின்றுவிடும். கட்டியவர் பிரிட்ஜைக் குற்றம் சொல்வார், பிரிட்ஜ் கொம்பனி வயரிங்கைச் சொல்லும். பல நேரம் காரணம் மெல்லிய வயர். கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் அதிக மின்னோட்டம் இழுக்கும், நீண்ட மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழும், பாதுகாப்புச் சுற்று நிறுத்திவிடும். டான்பொஸ் வகைக் கொம்பிரசர்களில் பற்றறிப் பாதுகாப்பு சுமார் 10.4 வோல்றில் வெட்டும். எச்சரிக்கை விளக்குப் பொருத்தியிருந்தால் ஒரு மினுக்கம் இந்தக் குறை, ஐந்து மினுக்கம் சூடு கூடியது. 4 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 4 மீற்றர், 6க்கு 6 மீற்றர் என்பது அந்தக் கொம்பிரசருக்குரிய நீள எல்லை. பிரிட்ஜ் தொடங்கும்போது பற்றறி முனையிலும் பிரிட்ஜ் முனையிலும் மல்ரிமீற்றர் வைத்து இரண்டு அளவையும் படமெடுங்கள். வித்தியாசம் ஒரு வோல்ற் அளவில் இருந்தால் பொறுப்பு கட்டியவருடையது. அதன்பிறகு வாதாட எதுவும் இல்லை.

அடுத்தது கூரை. ஐப்பசி, கார்த்திகை மாரி தொடங்கமுன் பைப் தண்ணீரை காற்றோட்டி, சோலர் தகட்டுக் கால்கள், யன்னல் விளிம்பு என்று ஒவ்வொரு இடமாகப் பத்து நிமிடம் அடித்து, உள்ளே ஒருவர் ரோச் லைற்றோடு பார்க்க வேண்டும். கீழேயிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தால் வந்தது என்று பிடிபடாது. ஈரமானியில் மரம் 20 வீதத்துக்கு மேல் காட்டினால் உடனே எழுதி அறிவியுங்கள். வெயிலில் சீலன்ற் வெடிப்பது இங்கே சாதாரணம், கூரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள்.

எந்தக் குறையையும் உள்ளூர் எலக்றீசியன் தொடமுன் கட்டியவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒயில் மாற்றத்தை யாழ்ப்பாணத்தில் செய்தாலும் வொறன்ரி நிற்குமா என்பதையும் அப்படியே கேளுங்கள். நிற்குமென்றால் ஒயிலின் தரம், பில்டர், ஓடிய கிலோமீற்றர் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்.

குறைகள் சேர்ந்ததும் படங்களோடு ஒரே பட்டியலாக அனுப்பி, உதிரிப்பாகம் கராஜில் வந்து இறங்கியது உறுதியான பிறகுதான் புறப்பட வேண்டும். வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழி மோட்டர் ஹோமுக்கு வசதி, கண்டி மலை ஏற்றம் இல்லை. கராஜின் வேலைப் பதிவு அட்டையில் (ஜொப் கார்ட்) நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே எழுதப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள். “பொதுப் பரிசோதனை” என்று மட்டும் இருந்தால் அதே குறை மூன்று மாதத்தில் திரும்பும்போது புதுக் குறையாகவே எண்ணப்படும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூரை வேலை என்றால், அங்கேயே மறுபடி தண்ணீர் அடித்துப் பார்க்காமல் திறப்பை வாங்க வேண்டாம்.