விரிசல் மேலே, வியாதி பின்னால்: பழைய ஃபைபர் பக்கியைப் புதுப்பிக்கும் வேலை

பழைய ஃபைபர் பக்கி (மணலில் ஓட்டும் திறந்த கார்) ஒன்று ஷெட்டுக்குள் வந்து நின்றதும் கை முதலில் பட்டி டப்பாவைத்தான் தேடும். அதை எடுத்துப் பரணில் வைத்துவிடுங்கள். தகரத்தில் துரு மேலேயே தெரியும். ஃபைபரில் அப்படி இல்லை. மேலே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அதன் காரணம் பின்பக்கம் இருக்கும். அதைச் சரி செய்யாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், அதே கோடு அதே இடத்தில் சீக்கிரமே திரும்ப வந்து நிற்கும்.

இங்கே பேசுவது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டு மேல் ஃபைபர் கூடு உட்கார்ந்த வண்டிகளைப் பற்றி. 1964இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேங்ஸ் பக்கிதான் இந்த ஜாதியின் மூத்தது. அவர் ஃபைபர் படகு கட்டிப் பழகிய ஆள். அந்த உடம்பின் வளைவுகள் அழகுக்கு மட்டும் வந்தவை அல்ல. தட்டையான ஃபைபர் தகடு ஆடும், வளைந்த தகடு விறைப்பாக நிற்கும் என்பது படகுக்காரருக்குத் தெரிந்த கணக்கு. முதல் சில வண்டிகளுக்குப் பிறகு, பீட்டிலின் அடித்தட்டை 36 செ.மீ. போலக் குட்டையாக்கி அதன் மேல் கூட்டை இறக்குவது வழக்கமானது. 1967இல் நடந்த முதல் மெக்சிகன் 1000 பாலைவனப் பந்தயத்தை மேங்ஸ் ஒன்று 27 மணி 38 நிமிடத்தில் முடித்து ஜெயித்ததும் ஊரெல்லாம் பக்கி பைத்தியம் பிடித்தது. நகல் செய்தவர் மேல் போட்ட காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார். அதன் பின் யார் வேண்டுமானாலும் அச்செடுத்தார்கள். அதனால்தான் இன்று கையில் கிடைக்கும் பக்கிகளில் நகல்களே அதிகம். நகல் என்றால் கனம் எங்கே எவ்வளவு என்று சொல்ல முடியாது. விளக்கு மாட்டிய ஓட்டைகளில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 4 மி.மீ. இருந்தால் நிம்மதி. 2 மி.மீ. என்றால் பின்னால் கூடுதல் அடுக்கு போடாமல் தப்பிக்க முடியாது.

கூட்டைக் கழற்றுவதற்கு முன்பே உள்பக்கம் குறுக்கே இரண்டு சட்டம் கட்டிவிட வேண்டும். ஃபைபர் கூடு அடித்தட்டிலிருந்து பிரிந்ததும் வாய் விரிந்துவிடும். சுவரோரம் இரண்டு செங்கல் மேல் ஆறு மாதம் வைத்தால் முறுக்கிக்கொள்ளும், திரும்பப் பொருத்தும்போது போல்ட் ஓட்டை ஒன்றோடொன்று சேராது. மரத்தில் ஒரு தொட்டில் செய்து நாலு பக்கமும் தாங்கல் கொடுங்கள்.

அடித்தட்டில் பார்க்க வேண்டியது துருவைவிட முக்கியமாக ஒன்று: பழைய ஆள் வெட்டி ஒட்டிய வெல்டிங். நடுவில் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கூண்டான டன்னல்தான் இந்த வண்டியின் முதுகெலும்பு. அதன் பெயின்டைச் சுரண்டி, வெல்டிங்கை முழுசாகப் பாருங்கள். மேலே மணிமணியாக இருந்து உள்ளே இறங்காத வெல்டிங், நேர்கோட்டில் வெட்டி வலுத்தகடு இல்லாமல் ஒட்டியது, இரண்டுமே வேண்டாத வேலை. வெட்டித் திரும்பச் செய்யச் சொல்லி அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் இது இல்லை. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சேசிஸ் நம்பர் டன்னலின் பின்பகுதியில், பின் சீட்டுக்கு அடியில் அடிக்கப்பட்டிருக்கும். அது வெட்டுப்பட்டுப் போன வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

டன்னலுக்குள் கிளட்ச் கேபிள் குழாய், ஆக்சிலரேட்டர் குழாய், பெட்ரோல் குழாய், கியர் ராட் எல்லாம் ஓடுகின்றன. தட்டைக் குறைத்த அளவுக்கே இவையும் குறைந்திருக்க வேண்டும். கியர் சரியாக விழாத பக்கிகளில் பல நேரம் கியர்பாக்ஸ் மேல் குற்றமே இல்லை, ராட் வெட்டி ஒட்டியபோது சில மி.மீ. நீளம் தவறியிருக்கும், இல்லை ஒரு டிகிரி முறுக்கிப் போயிருக்கும். கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கினால், கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் வெளிவரும் வளைகுழாயைப் பாருங்கள். நடுவில் 25 முதல் 45 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். நேராக இழுத்து நின்றால் நடுக்கம் நிச்சயம்.

பின் சக்கரம் இரண்டும் மேலே அகன்று கீழே ஒடுங்கி, கவட்டைக் கால் மாதிரி நிற்கிறதா? பீட்டிலைவிட பக்கி எடை மிகக் குறைவு, பழைய டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) அதே விறைப்பில் பின்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. ஆக்சில் ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே சாயும் ஸ்விங் ஆக்சில் வண்டியில் இது தோற்றக் கேடு மட்டுமல்ல, திருப்பத்தில் கவிழ்க்கும். டார்ஷன் பாரின் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும் வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமும் திருப்பினால் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவான நுணுக்கம் கிடைக்கும். கழற்றுமுன் பழைய கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பிளேட்டைத் தடையிலிருந்து விடுவிக்கும்போது எதிரே நிற்காதீர்கள்.

இனி ஃபைபர்.

ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம்: முன்கண்ணாடிச் சட்டத்தின் கால் உடம்பில் போல்ட் போட்டு நிற்கும் இடம். ஏறக்குறைய எல்லா பக்கியிலும் இங்கே நட்சத்திரம் மாதிரி விரிசல் இருக்கும். சட்டம் ஆட ஆட, சின்ன வாஷர் ஒன்று ஃபைபரைக் கடித்துக் கடித்து உண்டான காயம் அது. ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் 'பொத்' என்கும். பொத்தென்று கேட்ட எல்லை வரை பென்சிலால் வட்டம் போடுங்கள். பார்க்கும் விரிசலைவிட அந்த வட்டம் நிச்சயம் பெரிதாக இருக்கும்.

முதலில் அசிட்டோன் துணியால் துடைப்பது, பிறகுதான் தேய்ப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. மேலே இருக்கும் மெழுகையும் கிரீஸையும் எமரித் தாள் கீறலுக்குள் அழுத்திவிட்டால் அப்புறம் எதுவும் ஒட்டாது. பின்பக்கம் 40 நம்பர் டிஸ்க் போட்டு, வெள்ளையாகத் தெரியும் செத்த இழை எல்லாம் போகும் வரை அரையுங்கள். விளிம்பு சரிவாக இறங்க வேண்டும்: கனத்தைப் போல 12 மடங்கு அகலம். 3 மி.மீ. தகடு என்றால் 36 மி.மீ. சரிவு. காய்ந்துபோன பழைய பாலியஸ்டர் ரெசின் (இழைகளைச் சேர்த்து இறுக்கும் பசை) மேல் புதுப் பாலியஸ்டர் ரசாயனமாக இணைவதில்லை, கீறலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. சரிவைக் குறைத்தால் பிடிமானம் குறையும், அவ்வளவுதான்.

30க்கு 40 செ.மீ. ஒட்டு என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (நெய்யாத கண்ணாடி இழைப் பாய்), மூன்று அடுக்கு: சுமார் 160 கிராம் இழை. ரெசின் அதன் எடையில் இரண்டேகால் மடங்கு, அதாவது 360 கிராம். ஹார்ட்னர் (ரெசினைக் கெட்டியாக்கும் திரவம்) 1.5 சதவீதம் என்றால் 5.4 கிராம். சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசோ ஊசி சிரிஞ்சோ வேண்டும். 30 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் 1 சதவீதத்துக்கு இறங்குங்கள்; 15க்குக் கீழே குளிர் போனால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஹார்ட்னரைக் கூட்டிக் குளிரைச் சமாளிக்கப் பார்த்தால் ஒட்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். கலந்ததை உயரமான டம்ளரில் வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து புகையும். அகலமான தட்டில் ஊற்றுங்கள், அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ரெசின், அது இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபால்ட், ஹார்ட்னர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகு செப்பனிடுபவர்கள் வாங்குவதும் இதே சாமான்தான். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒரே ஸ்பூனை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

அரைத்த இடத்தில் முதலில் ரெசின் பூசி, அதன் மேல் மேட்டை வையுங்கள். பிரஷ்ஷால் இழுத்துப் பூசினால் இழை கலைந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். நுனியால் குத்திக் குத்தி ஊற வைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட 2, 3 செ.மீ. பெரிது. ஊறிய இடம் கண்ணாடியாகத் தெரியும், வெள்ளையாக நிற்பது காற்று. இரும்பு ரோலரால் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். போல்ட் வரும் இடத்தில் கடைசி அடுக்குக்கு அடியில் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைப் புதைக்கலாம். பழைய ஆள் வைத்த பிளைவுட் அங்கே இருந்தால் எடுத்தெறியுங்கள், தண்ணீர் குடித்து உப்பி, சுற்றியுள்ள ஃபைபரையும் பிளந்திருக்கும்.

பாலியஸ்டருக்குப் பதிலாக எபாக்சி ரெசின் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. எபாக்சி பாலியஸ்டரைவிட நன்றாகவே பிடிக்கும். ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பசை, பாலியஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணிதான் சரி. அதோடு எபாக்சிக்கு மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்புற நிறப் பூச்சு) சரியாகக் காயாது. உடம்பு முழுக்கப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் எபாக்சி.

பின்பக்கம் கெட்டியான பிறகுதான் முன்பக்கம். விரிசல் ஒவ்வொன்றையும் சின்ன கிரைண்டர் முனையால், இழை தெரியும் வரை V வடிவில் திறக்க வேண்டும். திறக்காமல் மேலே பூசுவது, புரையோடிய பல்லுக்கு மேல் சிமென்ட் வைப்பது மாதிரி. ஜெல்கோட்டை 2 சதவீத ஹார்ட்னரில் கலந்து, சற்று மேடாக நிரப்பி, மேலே பாலித்தீன் தாள் ஒட்டுங்கள். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மறுநாள் தாளை உரித்து 180, 320 என்று தேய்த்து மட்டமாக்கலாம்.

ஜிகினா கலந்த பழைய ஜெல்கோட் உடம்பா? அதை ஆழமாகத் தேய்த்தால் ஜிகினாத் துகளின் தலை அறுபட்டு, மினுக்கு போய் சாம்பலாகும். 800 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாகத் தொட்டு மேலே தெளிவான வார்னிஷ் கோட் கொடுப்பதோடு நிறுத்துங்கள்.

இழைத் தூசு தோலில் குத்தும்: முழுக்கை சட்டை, தூசும் ஆவியும் தடுக்கும் இரட்டை வடிகட்டி முகமூடி, முடித்ததும் பச்சைத் தண்ணீரில் முதல் குளியல். வெந்நீர் அரிப்பைக் கூட்டும்.

பெயின்டில் சொல்ல இரண்டே விஷயம். புது ஒட்டு நன்றாக இறுகும் முன் பெயின்ட் அடித்தால் பின்னாளில் இழையின் அச்சு மேலே தெரியும். வாரக்கணக்கில் காத்திருங்கள், முடிந்தால் வெயிலில் வையுங்கள். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்கள் சூடேறி இதை இன்னும் காட்டிக்கொடுக்கும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டை ஷெட்டுக்குள் சாதாரண முகமூடியோடு அடிக்காதீர்கள், அந்த ஐசோசயனேட் ஆவிக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

கூட்டைத் திரும்ப இறக்கும்போது ஓட்டைகள் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், அடியில் ரப்பர் பட்டை, மேலே 30, 40 மி.மீ. வாஷர். நட்டை ரப்பர் பிதுங்கத் தொடங்கும் வரை மட்டும் முடுக்கிவிட்டு லாக் நட் போடுங்கள். ரோல் பார் மட்டும் ஃபைபரில் நிற்கக் கூடாது. அதன் கால் அடித்தட்டின் இரும்பில் இறங்கியே ஆக வேண்டும்.

பக்கியின் இன்ஜின் வெட்டவெளியில் தொங்குவதால் தகர உறைகள் தேவையில்லை என்று கழற்றி வீசிவிடுகிறார்கள். சிலிண்டர்களுக்கு அடியிலிருந்து வரும் சுடுகாற்றை விசிறி திரும்ப இழுக்காமல் தடுப்பது அந்தத் தகரம்தான். அது இல்லாமல் 1600 சிசி இன்ஜின் சூடேறியே சாகும். ஆயில் இரண்டரை லிட்டர். வால்வ் இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.15 மி.மீ.; பின் ஆக்சிலின் 36 மி.மீ. நட்டுக்கு 300 நியூட்டன் மீட்டர்.

கடைசியாக ஒயரிங். ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் தகர வண்டியில் பழகிய எலக்ட்ரீஷியன் விளக்கை உடம்பில் திருகிவிட்டு எர்த் ஆகிவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் டேங்க்கிலுள்ள பெட்ரோல் அளவு சென்சாருக்கும் தனி எர்த் ஒயர் வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பித்தளைக் கட்டைகளில் அவற்றைச் சேர்த்து, அங்கிருந்து தடித்த ஒயர் அடித்தட்டின் சுரண்டிய இரும்புக்கு. பெட்ரோல் டேங்க்கின் வாய்க்கழுத்தையும் அதே எர்த்தோடு சேருங்கள், பங்க்கில் நிலைமின் பொறி வராமல் இருக்க. விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பிரேக்கை மிதித்ததும் இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால் பல்பை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்; பின்பக்க எர்த் கட்டையில் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.