தகரத்தை மழையில நனைய விட்டுறாதீங்க

டிரக்டர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்க லயத்துப் பக்கம் திரும்பியதுமே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பெட்டியில் கொழுந்துச் சாக்கு இல்லை, விறகு இல்லை, பளபளவென்று புதுத் தகரம்! லயமே வாசலுக்கு வந்துவிட்டது. புது மருமகளைப் பார்ப்பது போல ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அக்கா தட்டிச் சத்தமும் கேட்டார்.

அந்த சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. இலங்கை மலையகத்தில் எங்க மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் சுலபத்தில் விடாது. எங்க கூரையில் துரு அரித்த தகரத்தைவிட, அது பறக்காமல் இருக்க வைத்த கல்லும் பழைய டயரும்தான் அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதில் மழைக்காலத்தில் கட்டில் நிற்கிற இடத்தை மனுசன் முடிவு செய்வதில்லை, ஒழுக்குதான் முடிவு செய்யும். போதாததற்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நாலாம் வீட்டுக்கும் அஞ்சாம் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒழுக்கு சரியாக அந்தச் சுவரின் தலையில் விழுந்து, காற்றைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறங்கும். அதனால் ராத்திரியில் சுவருக்கு மேலே ஒரு வழக்கு நடக்கும்.

"அக்கா, ஒங்க தண்ணி எங்க அடுப்புல விழுது."

"எங்க தண்ணியா? ஒழுகுறது ஒங்க தகரத்துலடி!"

தீர்ப்பு வருவதற்குள் விடிந்து, பெரட்டுக்குச் சங்கு ஊதிவிடும்.

சரி, தகரத்துக்கு வருவோம். இறக்கி எண்ணினால் பாதி லயத்துக்குத்தான் காணும். அதுகூடப் பரவாயில்லை, கிடைத்ததை அடித்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொன்னார். அப்போதுதான் கடைசி வீட்டு மாமா கேட்டார்:

"ஆணி எங்கப்பா?"

டிரக்டர்காரத் தம்பி சீட்டைப் பார்த்தார். சீட்டில் தகரம் இருந்தது. ஆணி இல்லை.

மறுநாள் தலைவரும் நானும் ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் ஐயா மரியாதையானவர், உட்காரச் சொன்னார். ஆணி வேறு கணக்காம். தகரம் வந்த திட்டத்தில் ஆணிக்கு இடமில்லையாம், தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயாவைப் பார்க்கணுமாம். வெல்பெயார் ஐயா, அது கம்பனி முடிவு செய்யவேண்டியது என்றார். கம்பனிக்குக் கடிதம் போட்டால், பொது வசதிகளுக்கு உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையையும் அணுகலாம் என்று பதில். பிரதேச சபைக்குப் போனால், "லயம் தோட்டத்துக்குள்ளதானே இருக்கு? தோட்டத்துல கேளுங்க."

இந்தப் பந்தாட்டத்துக்கு ஒரு வரலாறே இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய லயம். 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தம் என்று அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. 1992-இல் நிர்வாகத்தைக் கம்பனிகளின் கையில் கொடுத்தது. ஆக நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, ஒழுகுகிற தண்ணீர் மட்டும் சந்தேகமில்லாமல் எங்களுடையது. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆவது பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று வருசக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பிரிவு ஞாபகம் வந்ததே இல்லை. 2018-இல் அதைத் திருத்திவிட்டார்கள். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த பெரிய சபைகளும் ஆறாகின, எங்களுக்கு மஸ்கெலியாவிலேயே ஒன்று. முன்பு முடியாது என்ற பதிலுக்குத் தூரம் போகவேண்டியிருந்தது, இப்போது பக்கத்திலேயே கிடைக்கிறது.

சட்டம் இருக்கட்டும். இதற்கிடையில் ஸ்டோர் ஐயாவிடமிருந்து தலைவருக்கு போன் வந்தது. தகரம் தோட்டத்துச் சொத்து, பத்திரமாக வைக்கவேண்டும், கணக்குப் பார்க்க ஆள் வரும்.

"முக்கியமா, தகரத்த மழையில நனைய விட்டுறாதீங்க. துரு புடிச்சிரும்."

தலைவர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உத்தரவு உத்தரவுதான். கடைசி வீட்டு மாமா தனி ஆள், பிள்ளைகள் கொழும்பில் வேலை, காம்பராவில் இடமிருக்கிறது என்று தகரத்தை அவர் வீட்டுக்குள் அடுக்கினோம். அன்றைக்கு ராத்திரி அடித்த மழையில் மாமா வீட்டுக் கூரை ஒழுகி, நேராகப் புதுத் தகரத்தின் மேலேயே விழுந்தது. டங்கு டங்கென்று சத்தம் முதலாம் வீடு வரைக்கும் கேட்டது. தூக்கம் கெட்டதில் மாமா எழுந்து தகரத்தின் மேல் ஒரு முரட்டுத் துணிப் படங்கைப் போர்த்தி, படங்கின் மேல் பேசினை வைத்தார். படங்கு அவர் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது. கூரைக்குப் போகவேண்டிய தகரம் நனையாமல் கிடந்தது, மாமா நனைந்தார்.

விடியற்காலையில் பிளேன்டீயோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர் சொன்னது: "நான் தொரை வீட்டுப் பங்களாவுல காவக்காரனா இருந்தவன்டா. அங்ககூட இப்படி ஒரு சாமானக் காவல் காத்ததில்ல."

பிறகு வந்தார்களே, மேலிடத்து ஆட்கள்! வருவதற்கு முந்தின நாள் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும். அடைத்துக்கொண்டு நாறிய சாக்கடைக் கான் அன்றைக்குத்தான் வெட்டுப்பட்டது, அதுவும் வாகனம் நிற்கிற வளைவு வரைக்கும். அப்புறம் ஒரு உத்தரவு: தகரத்தை மறுபடியும் டிரக்டரில் ஏற்றணும்.

ஏன்? "கையளிப்பு" போட்டோ எடுக்கவாம்.

ஏற்றினோம். டிரக்டர் ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பொம்பளைகள் நல்ல சேலை கட்டி நின்றார்கள். ஒரு பெரியவர் தகரத்தின் ஒரு முனையைப் பிடிக்க, தலைவர் மறுமுனையைப் பிடிக்க, போட்டோ. கைதட்டல். அஞ்சாம் வீட்டு அக்கா கைதட்டி முடித்த கையோடு கேட்டார்: "ஐயா, ஆணி?"

பெரியவர் சிரித்தார். "ஆணி எதுக்கும்மா? ஒங்களுக்குப் புது வீடே வரப் போகுதே! ஏழு பேர்ச் காணி, தனி வீடு."

அதுதான் இங்கே எல்லாப் பழுதுக்கும் ஒரே மருந்து. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நாங்களும் கூட்டத்தில் நின்று கைதட்டியவர்கள்தான். சில தோட்டங்களில் கட்டியும் கொடுத்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அது இன்னும் வராதது மட்டும் பிரச்சினை இல்லை. வரப் போகிற வீட்டைச் சொல்லியே இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆணியும் அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கக்கூசுக் கதவு விழுந்தாலும் புது வீடு, தண்ணிக் குழாய் வெடித்தாலும் புது வீடு.

அடுத்த மழைக்கு மாமா வீட்டில் தகரத்தைத் தாங்குகிற ரீப்பைச் சட்டம் முறிந்து, கூரையில் ஒரு துண்டு அப்படியே காம்பராவுக்குள் தொங்கியது. அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஹட்டனிலிருந்து ஆணியும் ரப்பர் வாசரும் வாங்கி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. லயத்துப் பொடியன்கள் மேலே, பொம்பளைகள் கீழே நின்று ரொட்டியும் சம்பலும். பொழுது சாய்வதற்குள், மாமா வீட்டிலிருந்து தகரம் காணும் வரைக்கும் அடித்தாயிற்று. தகரம் முடிந்த இடம் நாலாம் வீட்டுக்கும் அஞ்சாம் வீட்டுக்கும் நடுவில். வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் இப்போது அக்கா பக்கம் கொஞ்சம் பலம்.

ஆணிக்குப் பதில் போட யாருக்கும் நேரம் கிடைக்காத ஆபீசிலிருந்து, அந்த வாரமே மாமா பேருக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றித் தோட்டக் கட்டடத்தின் கூரையில் ஏறியது ஏன் என்று எழுத்தில் விளக்கம் தரவேண்டுமாம். மாமா என்னை எழுதச் சொல்லிவிட்டு, ஒரு வெத்திலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எழுது தம்பி. கனம் ஐயா அவர்களுக்கு. நான் கூரையில ஏறலைங்க. கூரைதான் எறங்கி எங்கிட்ட வந்துச்சு. பொடியனுகள விட்டு அத மறுபடி மேல ஏத்தி அனுப்பியிருக்கேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிவுள்ள..."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். கிளாக்கர் ஐயா வாசித்துவிட்டு முத்திரை குத்தி பைலில் போட்டுக்கொண்டார்.