சாதாரண தரத்தில் கணினியில் செய்யும் வடிவமைப்பு: நேரமெல்லாம் எழுத்துக்கே போகும்

இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிச்ச மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் மூன்றாம் தொகுதியில் வருகிறது. பாடத்திட்டப்படி அது விருப்பப் பாடம்தான். ஆனால் கொழும்பில் நான் படித்த பாடசாலையில் அந்தத் தொகுதியின் மற்றப் பாடங்களுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் இல்லாததால், வகுப்பு முழுவதும் அதையே எடுக்க வேண்டியிருந்தது. விரும்பி வந்தவர்களும் வேறு வழியில்லாமல் வந்தவர்களும் ஒரே ஆய்வுகூடத்தில் இருந்தோம். இப்போது நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் தரம் 10க்குப் போகும் பிள்ளைகளும் அவர்களின் அம்மாமாரும் அடிக்கடி கேட்பது இந்தப் பாடத்தில் போஸ்டரும் இணையத்தளமும் செய்யும் வடிவமைப்புப் பகுதியைப் பற்றித்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்மாமாரின் முதல் கேள்வி, விலை கூடிய மடிக்கணினி வாங்க வேண்டுமா என்பது. வேண்டாம். படம் வரையும் திறமையும் தேவையில்லை. எங்கள் வகுப்பில் மிக நல்ல போஸ்டரைச் செய்த பிள்ளை வீட்டில் கணினியே இல்லாதவள். சதுரக்கொப்பியில் பென்சிலால் கட்டம் போட்டு, தலைப்பு எங்கே, படம் எங்கே, தொலைபேசி எண் எங்கே என்று முடிவெடுத்துவிட்டுத்தான் ஆய்வுகூடத்துக்குள் வருவாள். ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் என்று உட்காரும் இடத்தில், உங்கள் முறை வரும்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முன்பே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தரம் 10இல் பெரும்பாலும் அடிப்படைதான்: எண் முறைமைகள், தர்க்கப் படலைகள், பணிசெயல் முறைமை, சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம். பாடப்புத்தகத்தை ஒழுங்காக வாசித்தால் இவை தாமாகவே வந்துவிடும். பல்லூடகமும் இணையத்தளம் அமைத்தலும் தரம் 11இல் வருகின்றன. எங்கள் டீச்சர் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு குழுச் செயற்றிட்டமாகத் தந்தார். மூன்று மொழிகளிலும் ஒரு டெங்கு ஒழிப்புப் போஸ்டர், அதே விடயத்தில் சில பக்கங்கள் கொண்ட ஓர் இணையத்தளம். கொழும்பில் மழைக்காலம் வந்தாலே டெங்கு வரும் என்பதால் தலைப்புக்குப் பஞ்சமில்லை.

ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று இரண்டு மென்பொருள்களைப் பழகினோம். இரண்டும் இலவசம். ஜிம்ப் புகைப்படம் போன்றவற்றுக்கு. அதில் படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு நிறப்புள்ளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் ஓரங்கள் சிதையும். இங்க்ஸ்கேப்பில் வடிவங்கள் கணிதக் கோடுகளாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும். கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் அச்சிட வேண்டுமானால் படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பைட் வரும். படங்களை ஏன் சுருக்கிச் சேமிக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

இவையெல்லாம் சில வாரங்களில் கைவந்துவிடும். எவரும் முன்கூட்டிச் சொல்லாததும் எங்கள் நேரத்தையெல்லாம் தின்றதும் தமிழ் எழுத்துதான்.

ஆய்வுகூடத்தின் ஒரு கணினியில் பழைய போட்டோஷாப் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் அதில்தான் ஆசை. எங்கள் குழு தலைப்பை அதில் தட்டச்சு செய்தது. 'டெங்கு' என்ற சொல்லில் டகரம் முதலில் நின்றது, ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நின்றது. 'கொழும்பு' இன்னும் மோசம். ககரத்துக்கு இரு பக்கமும் நிற்க வேண்டிய கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து வலப்பக்கம் போய்விட்டன. 'ழு', 'பு' இரண்டிலும் உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் தொங்கியது. சிங்கள வரியைச் செய்துகொண்டிருந்த தோழிக்கும் அதே கதை, அந்த மொழியிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். ஆங்கில வரி மட்டும் சுத்தமாக இருந்தது.

காரணத்தை டீச்சர் கரும்பலகையில் விளக்கினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பது முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத பழைய மென்பொருள், சேமித்த வரிசையிலேயே காட்டிவிடுகிறது. போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்தால் சரியாக வரும். ஜிம்பிலோ எந்த அமைப்பையும் தொடாமலே 'கொழும்பு' கொழும்பாகவே வந்தது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் உயர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தமிழ் சரியாக வருகிறதா என்று ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள், பிறகு மென்பொருளைத் தெரிவு செய்யுங்கள். தட்டிப் பார்க்க 'கொழும்பு' மிக நல்ல சொல்.

இரண்டாவது சிக்கல் பாமினி என்ற எழுத்துரு. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பழகிய பெரியவர்களில் மிகப் பலர் பாமினியில் பழகியவர்கள். அது யூனிகோடுக்கு முந்திய முறை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். பார்வைக்குத் தமிழ், ஆனால் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஒன்றும் வாசிக்க முடியாது. நாங்கள் போஸ்டரை அச்சிட வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனபோது அங்கிருந்தவர், "தங்கச்சி, எங்கள் கணினியில் பாமினிதான் இருக்கிறது, அதில் அடித்துத் தாருங்கள்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், பல வருடங்களாகத் திருமண அழைப்பிதழ்களையும் நினைவஞ்சலி மலர்களையும் அப்படியே அச்சிட்டு வருகிறார். ஆனால் எங்களுக்கு அதே வசனங்கள் இணையத்தளத்திலும் வேண்டும். பாமினியில் அடித்ததை இணையப் பக்கத்தில் போட்டால் தேடினாலும் கிடைக்காது, தொலைபேசியில் பார்ப்பவருக்கும் தெரியாது. ஆகவே ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அச்சுக்குக் கொண்டுபோகும்போது எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகக் கொண்டுபோங்கள், கடையில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் எழுத்து மாறாது. இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிவிடவும் முடியும். அதன் பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த இயலாது என்பதால் மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துரு விடயத்தில், நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, தெளிவானது, தடித்த வடிவம் மெல்லிய வடிவம் எல்லாம் உண்டு. விண்டோஸுக்குரிய லதா, நிர்மலா இரண்டும் பந்திகளுக்குப் போதும். தலைப்புக்கு அலங்கார எழுத்து தேடி அலையாதீர்கள் என்பது என் எண்ணம். வகுப்பில் சுழி சுழியாகத் தலைப்புப் போட்ட குழுவின் போஸ்டரில் ணகரமும் னகரமும் ஒரே மாதிரித் தெரிந்தன.

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குழுவின் வேலையையும் திரையில் முழுதாகப் போடச் சொல்லிவிட்டு, ஆய்வுகூடத்தின் பின் சுவர் வரை நடந்துபோய் அங்கிருந்து வாசிப்பார். எங்கள் தலைப்பு, 'நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவு செய்வோம்'. அவர் 'நீர் தேங்கும்' வரை வாசித்துவிட்டு நின்றார். "பிள்ளைகள், பஸ்ஸில் போகிறவருக்கு இதற்கு மேல் நேரமில்லை" என்றார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரே அகலத்துக்குள் அடக்கப் போனால் எழுத்து சிறுக்கும், பெரிதாக வைத்தால் 'துப்புரவு' என்ற சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். எழுத்தளவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வசனத்தைச் சுருக்கினோம். 'நீர் தேங்க விடாதீர்' என்று வைத்ததும் எழுத்து ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாயிற்று, பின் சுவரிலிருந்து முழுதாக வாசிக்க முடிந்தது. வடிவமைப்பு வகுப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இது, தமிழ்ப் பாடத்திலும் உதவியது.

வரிகளுக்கிடையிலான இடைவெளியையும் கவனியுங்கள். தமிழில் மேலே புள்ளி இருக்கிறது, கீழே 'ழூ', 'ணூ' போன்றவை இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் இடைவெளியில் தமிழ் நெருக்கியடிக்கும். கொழும்பின் காலி வீதியில் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும், பல இடங்களில் தமிழ் வரி மற்ற இரண்டையும்விடச் சிறிதாகவும் இறுக்கமாகவும் இருக்கும், சில வேளை எழுத்துப்பிழையோடும். இந்தப் பாடத்தைப் படித்த பிறகு அந்த வீதியால் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது. மனம் பொறுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இதை நன்றாகக் கற்றுக்கொண்டால் அந்தப் பலகைகளைச் சரிசெய்யும் ஆட்களாக வருவார்கள் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

அச்சில் இன்னொன்றையும் எதிர்பாருங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரம் மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் தாளில் மங்கிப் போகும். பரிசோதனைக்கு ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக அச்சிடுங்கள். எழுத்துள்ள படத்தை ஜேபெக் என்ற கோப்பு வகையில் சேமித்தால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் போலப் படியும். பி.என்.ஜி. என்ற கோப்பு வகை அப்படிச் செய்யாது.

இணையத்தளப் பகுதி எளிது. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்லில் தலைப்பு, பந்தி, பட்டியல், அட்டவணை, இணைப்பு, படம் ஆகியவற்றுக்கான குறியீடுகளைக் கையால் எழுதப் பழகினால் போதும். ஆனால் இங்கேயும் தமிழ் ஒரு தடவை பயமுறுத்தும். எங்கள் ஆய்வுகூடக் கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதில் நிரல் எழுதப் பயன்படுத்திய நோட்பேட் என்ற மென்பொருள், கோப்பை அன்சி என்ற பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பழைய முறையில்தான் சேமிக்க முயலும். முன்னால் வரும் எச்சரிக்கையை வாசிக்காமல் சரி என்று அழுத்தினால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. சேமிக்கும்போது யூனிகோடுக்குரிய யூ.டி.எஃப்-8 என்பதைத் தெரிவு செய்ய வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதே குறியாக்கத்தைக் குறிப்பிட வேண்டும்.

குழு வேலையில் சண்டை வரும். எங்கள் குழுவிலும் வந்தது. கோப்பு யாருடைய பென் டிரைவில் இருக்கிறதோ அவர் வராத நாளில் வேலை நின்றுபோகும் என்பதால், இரண்டு பேரிடம் பிரதி இருப்பது நல்லது.

பரீட்சை முழுவதும் தாளில்தான். முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம், முதலாம் வினா கட்டாயம், அதோடு இன்னும் நான்கு. கணினிக்கு முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் ஆய்வுகூடத்தில் செய்ததை எல்லாம் கொப்பியிலும் எழுதி வைக்க வேண்டும். எச்.டி.எம்.எல் நிரலில் விடுபட்ட இடங்களை நிரப்புவது, விரிதாள் சூத்திரத்தை எழுதுவது, பாய்ச்சற் கோட்டுப்படம் வரைவது எல்லாமே பேனாவால்தான். வடிவமைப்புக்கென்று தனியார் வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன, பழைய வினாத்தாள் தொகுப்புகள் வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன.

உயர்தரத்திலும் நான் இதே பாடத்தைத் தொடர்கிறேன். இணையத்தளப் பகுதி அங்கே இன்னும் ஆழமாகப் போகிறது, பைதான் நிரலாக்கமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது யூனிகோடு விசைப்பலகையை நிறுவித் தர வேண்டுமானால் ஞாயிறு பின்னேரங்களில் வீட்டில் இருப்பேன். கணினியைக் கொண்டு வாருங்கள், அதோடு பென்சிலால் வரைந்த கொப்பியையும் கொண்டு வாருங்கள்.