ஒரே சேதி, மூன்று பத்திரிகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வெளியே இருந்த ஒட்டுக்கடையில் தினமும் மூன்று தமிழ்ப் பத்திரிகைகள் கயிற்றில் தொங்கும். அப்பா மரம் சீவிவிட்டுப் பசியாற வந்தால், தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் மூன்றையும் புரட்டிவிடுவார். வாங்குவது ஒன்றுதான். கடைக்காரர் முகம் சுளித்ததே இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, அப்புறம் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு பத்திரிகையில், எல்லாருக்கும் மாற்று வீடு உண்டு என்று நிர்வாகம் உறுதி சொன்னதாகப் பெரிய செய்தி. இன்னொன்றில், வெட்டிப்போட்ட குழாய்ப் பக்கத்தில் காலி வாளியோடு எங்கள் பெரியம்மா நிற்கும் படம். மூன்றாவதில் ஒரு வரிகூட இல்லை. அன்று அப்பா மூன்றையும் காசு கொடுத்து வாங்கினார், இரண்டு சேதியையும் வெட்டி என் கணக்கு நோட்டில் எதிரெதிராக ஒட்டினார், 'உறுதி' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். அந்த நோட்டைத்தான் தோட்டத்து ஆட்கள் நிர்வாகத்தோடு நடந்த பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோய், இதையே கடிதமாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகத்தின் பக்கம் எழுதிய பத்திரிகையும் எங்களுக்கு உதவியது என்பதை நான் மறக்கவே மாட்டேன். படம் மட்டும் வந்திருந்தால் அழுதிருப்போம், அறிக்கை மட்டும் வந்திருந்தால் நம்பியிருப்போம்.

ஒற்றைக் குரல் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் 1987 அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒப்ராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் 106 பேரைப் பிடித்தார்கள், தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் என்ற மூன்று பத்திரிகைகளின் உரிமத்தையும் பறித்தார்கள், அடுத்த மார்ச்சில்தான் அவை திரும்ப வந்தன. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012-ல் போனது, ஆனால் உரிமம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது அப்படியேதான் இருக்கிறது.

நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இன்னொரு பாடும் உண்டு. இந்நாட்டில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர், அதில் தமிழ் வாசிப்பவர்கள் இன்னும் குறைவு, விளம்பரம் எங்கிருந்து வரும்? நினைவஞ்சலி விளம்பரமும் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கான பிறந்தநாள் வாழ்த்தும் பக்கத்தை நிரப்புகின்றன. வாழ்த்துப் போடுகிறவரைப் பற்றிக் கேள்வி எழுதுவது எவ்வளவு கஷ்டம்! 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகையே 2019-ல் நின்றுவிட்டது. அதன் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அன்று மனசு கனத்தது.

இப்போது தோட்டத்துச் சேதியெல்லாம் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) வருகிறது. யார் எழுதினார்கள், எந்தத் தேதி, ஒன்றும் இருக்காது. கோடு போட்டு யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பத்திரிகை வாங்குவேன். பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒன்றை முடித்து மடித்து வைத்ததும் கேட்பார்: "சரிய்யா, அதே சேதிய அந்தப் பேப்பர்ல எப்படிப் போட்டிருக்கான்?"