மச்சான், தலையக் குனி

லிஃப்ட் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. பழுதாம், வருந்துகிறார்களாம். என் வகுப்பு மூன்றாம் மாடியில். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு சக மாணவர்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் ரக்பி ஆடுகிறவர்கள், நல்ல வாட்டசாட்டம். "நீ பின்னால் கைப்பிடியைப் பிடி, நீ முன்னால் பிடி, இன்னும் ஒரு ஆள் வந்தால் தூக்கிவிடலாம்" என்றேன். வீல்செயாரின் பிரேக்கைக்கூடப் போட்டுவிட்டேன்.

அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஐயாயிரம் பவுண் கடன் கேட்டிருந்தால்கூட அப்படி வெளிறியிருக்க மாட்டார்கள். ஒருவன் என் கதிரையைத் தொடாமலே இரண்டு அடி பின்னால் போனான். மற்றவன் "எங்களுக்கு அதற்கு அனுமதி இல்லை" என்றான். ஆளைத் தூக்க அனுமதியா? அதற்குள் காவலாளி வந்து "ஹெல்த் அண்ட் சேஃப்டி" என்று இரண்டு தரம் சொன்னார். முடிவில் கீழே கோப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, என் தலைக்கு மேலே நடக்கிற வகுப்பை இணையத்தில் பார்த்தேன். மட்டக்களப்பில் இருந்து கடல் தாண்டி வட இங்கிலாந்து வரை வந்தவன், கடைசி மூன்று மாடி ஏற வழியில்லாமல் கீழே இருந்தேன்.

பதின்மூன்று வயதில் நாவல் மரத்தால் விழுந்தவன் நான். செட்டிபாளையம். ஏ.எல் படிக்கிற காலத்தில் டியூஷன் வகுப்பு களுவாஞ்சிகுடியில், ஒரு கடைக்கு மேலே. பத்தொன்பது படி. ஆட்டோ வந்து நின்றதும் நாலு பேர் இறங்கி வருவார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. இரண்டு பேர் பின்னால், இரண்டு பேர் முன்னால், தேர் மாதிரிப் போவேன். பதினோராம் படி திரும்புகிற இடத்தில் ஒரு கொங்கிறீற் வளை தாழ்வாக நிற்கும். அங்கே வந்ததும் முன்னால் பிடிப்பவன் "மச்சான், தலையக் குனி" என்பான். இரண்டு வருடம், கிழமைக்கு நாலு நாள். கூலி, பிளேன்டீயும் ஒரு ரோல்ஸும். அதுவும் பாதி நாள் அவர்கள்தான் வாங்கித் தந்தார்கள்.

இப்படி எழுதும்போது தேன் மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா? வகுப்பு நாட்களில் காலையில் இருந்து நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். மேலே போனால் மூத்திரம் போகக் கீழே தூக்கி வரச் சொல்ல வேண்டும், அதை எப்படிக் கேட்பது? நாலு பேரும் மாட்ச் பார்க்க வகுப்பைக் கட் அடித்தால் எனக்கும் அன்றைக்கு வகுப்பு இல்லை. நாலு பேரில் ஒருவனோடு ஒரு முறை கடும் சண்டை வந்தது. அடுத்த நாளும் அவன் வந்து தூக்கினான், ஒரு வார்த்தை பேசாமல். தூக்குகிறவனோடு கோபித்துக்கொண்டு இருக்கவும் முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மஞ்சள் தாள் கதைக்கு வருவோம். அன்றைக்குப் பின்னேரம் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி ஆதரவுப் பிரிவுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அங்கிருந்த பெண்மணி பேனாவை எடுத்துக்கொண்டு "உனக்கு என்ன தேவை?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேட்பார்கள், எந்த டொக்டரிடம் காட்டினீர்கள், எந்தக் கோயிலுக்கு நேர்ந்தீர்கள் என்று கேட்பார்கள். என்ன தேவை என்று கேட்டவர் இல்லை. எனக்கும் பதில் தயாராக இல்லை. கடைசியில் "கீழ்மாடி" என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த வாரத்தில் இருந்து வகுப்பே கீழ்மாடிக்கு வந்துவிட்டது. மலைக்குப் போக முடியாவிட்டால் மலையை இறக்கிவிடுகிறார்கள்!

இதற்குப் பின்னால் இருப்பது பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம். நியாயமான மாற்றங்களைப் பல்கலைக்கழகம் செய்தாக வேண்டும். அதுவும் மாணவன் வந்து வாசலில் நின்ற பிறகு அல்ல, இப்படி ஒருவன் வருவான் என்று முன்கூட்டியே யோசித்து. இலங்கையில் எங்களிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கட்டடங்களுக்குள் எல்லோரும் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல். வீல்செயாரில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. எல்லாம் இருக்கிறது. படியும் இருக்கிறது.

அந்த வசந்தத்தில் மாணவர் சங்கத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரதிநிதிப் பதவிக்கு நின்றேன். சம்பளம் இல்லாத வேலை, அதனால் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஆனாலும் இங்கே சும்மா வெல்ல விட மாட்டார்கள். வாக்குச்சீட்டில் "மீண்டும் வேட்புமனு கோருக" என்று ஒரு தெரிவு இருக்கும். அதை அவர்கள் சுருக்கி "ரான்" என்று ஆள் பெயர் மாதிரிக் கூப்பிடுகிறார்கள். அந்த ரானைத்தான் நான் தோற்கடித்தேன். வென்ற செய்தியை அம்மாவுக்குச் சொன்னேன்.

"எந்தக் கட்சி மனே? வீடா, படகா?"

சின்னமே இல்லை என்றேன். சின்னம் இல்லாமல் எப்படிப் புள்ளடி போட்டார்கள் என்று அவருக்கு இன்றுவரை சந்தேகம்.

பிரதிநிதிகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். 1976இல் இங்கிலாந்தின் மாற்றுத்திறனாளர் அமைப்பு ஒன்று எழுதி வைத்த விஷயத்தை அங்கேதான் முதலில் கேட்டேன்: உடலில் உள்ள குறை வேறு, சமூகம் போடுகிற தடை வேறு, முடக்குவது இரண்டாவதுதான். அதாவது என் காலில் பிழை இல்லை, படிக்கட்டில்தான் பிழை. அன்றிரவு அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நான் மாமாங்கக் கோயிலுக்கு வெச்ச நேத்தியெல்லாம் படிக்கட்டுக்கா வெச்சிருக்கோணும்?" என்றார். பயிற்சி முழுவதிலும் அப்படி ஒரு கேள்வி வரவில்லை.

வேலை என்னவென்றால், பெரும்பாலும் மின்னஞ்சல். விரிவுரைப் பதிவு ஏறவில்லை, மேலதிக நேரம் தருவதாகச் சொன்னது பரீட்சைப் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை, தானியங்கிக் கதவு தானாகத் திறக்கவில்லை. ஒரே கதையை மூன்று அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அரசாங்கம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தருகிற கொடுப்பனவு உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டும்தான். எங்களைப் போல விசாவில் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகமே தன் பணத்தில் செய்ய வேண்டும். அங்கேதான் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். எனக்கு அது வரும். களுவாஞ்சிகுடிச் சந்தையில் மீன் விலை பேசிய குரல்.

நம்மவர்கள் வருவதுதான் குறைவு. ஒரு தம்பி வந்தான், கல்முனைப் பக்கம். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊரைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான். "அண்ணன், எழுத்தெல்லாம் ஓடுது. சின்னதில இரிந்தே ஓடுது." மூன்று தரம் கண்ணாடி மாற்றியிருக்கிறான். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று வகுப்பில் அடி வாங்கியிருக்கிறான். டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்புச் சிரமமாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம் என்று படிவத்தை நீட்டினேன். மாற்றுத்திறனாளி என்ற பெட்டியைப் பார்த்ததும் "நான் என்ன முடமா?" என்றான். சொன்ன பிறகுதான் என் சில்லைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் அழுதான்.

இப்போது அவனுக்குப் பரீட்சையில் மணிக்குப் பதினைந்து நிமிடம் கூட. போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான். "உம்மாட காதுக்குப் போயிரக்கூடாது அண்ணன். தங்கச்சிட கலியாணம் பேசுறாங்க." அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில் நான் பின் அறையில் இருந்தேன்.

இங்கே வந்து மூன்று வருடம். பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பஸ் சாரதி இறங்கிச் சாய்தளத்தை விரிக்கும்போது இப்போது நன்றியை ஒரு தரம்தான் சொல்கிறேன், முதலில் நாலு தரம் சொல்வேன். ஆனால் லிஃப்ட்டில் தனியாக மேலே போகும்போது ஒருவரும் பேச மாட்டார்கள் என்பது சில நாள் உறைக்கும். நாலு பேரில் ஒருவன் கட்டாரில் இருக்கிறான். அண்மையில் அழைத்து, இடுப்பு வலி, டொக்டர் பாரம் தூக்காதே என்கிறார் என்றான். "உன்னத் தூக்கின இடுப்பு மச்சான்." சிரித்துவிட்டு வைத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் தீ ஒத்திகை. தீ என்றால் லிஃப்ட் ஓடாது. அதனால் என் பெயரில் ஒரு வெளியேற்றத் திட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் எல்லோரும் படியால் இறங்கிப் போனார்கள். நான் படியோரம் பச்சைப் பலகைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். பலகையில் "ரெஃப்யூஜ்", அதாவது புகலிடம், என்று இருந்தது. அம்மாவின் பிறந்த ஊர் செங்கலடிப் பக்கம். 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமில் இருந்தவர். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. இந்தப் பலகையை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு ஊழியர் மஞ்சள் நிற வெளியேற்றக் கதிரையோடு வந்தார். ஒரு ஆளே போதும். கீழே உள்ள பட்டி படியைக் கவ்விக்கொண்டு வழுக்கிப் போகும், குலுக்கல் இல்லை. இடுப்பில் வார் கட்டி, "தயாரா?" என்று கேட்டார். முதல் படிவரிசை இறங்கித் திரும்புகிற இடம் வந்தது. நான் தலையைக் குனிந்தேன்.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் அவர்.

மேலே பார்த்தேன். வெள்ளைச் சுவர், உயரமான கூரை, ஒரு குழல்விளக்கு. "இல்லை, போகலாம்" என்றேன். அடுத்த திருப்பத்திலும் குனிந்தேன்.