இரும்பே பாதை

மேல்பாதி கழற்றிய காந்தக் கட்டை ஒன்றை இன்று ஸ்வீடனின் லுண்ட் நகரில் பார்த்தேன். குனிந்து பார்த்தால், இரும்பிலேயே குடைந்தெடுத்த துருவங்கள்!

எலக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் மேக்ஸ் ஃபோர் ஒளிமூலத்தின் பெரிய வளையத்தில் இப்படி 140 கட்டைகள். எலக்ட்ரானை வளைக்கும் காந்தமும் குவிக்கும் காந்தமும் ஒரே இரும்பில். குடைந்த வேலை எவ்வளவு துல்லியமோ, எலக்ட்ரான் கற்றையின் பாதையும் அவ்வளவு துல்லியம்.

துருவங்களுக்கு நடுவே கற்றை போகும் துளை வெறும் 25 மில்லிமீட்டர். துளை சிறுத்தால் குவிக்கும் வலு கூடும், காந்தமும் சின்னதாகும்.

சரி, உள்ளே போகும் செப்புக்குழாயும் ஒல்லியாகிவிடுமே? கற்றை ஓட வெற்றிடம் வேண்டும்; ஒல்லிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சுவது பெரும்பாடு.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிலிர்த்தது. குழாயின் உட்சுவரில் பூசிய மெல்லிய உலோகப் படலமே மிச்ச வாயுவைப் பிடித்துக்கொள்கிறது.

வளையத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரே திருப்பமாக இல்லாமல் ஏழு சிறு வளைவுகளாகத் திருப்புவதால் கற்றை மெலிதாகவே ஓடுகிறது. பிரேசிலின் சிரியஸ் ஒளிமூலத்திலும் பிரான்சின் கிரெநோபில் நகர ஒளிமூலத்திலும் இப்போது இந்தப் பல வளைவு வழிதான்.